ஒரே ஒரு எழுத்தைத் திருத்தித் தந்தார்கள்

நான் பணி ஓய்வு பெற்ற அன்று எங்கள் டயாலிசிஸ் மையத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். சிறுநீரக நோயாளிகள் அதைச் சாப்பிடக் கூடாது என்பதால் நாங்களே தின்று தீர்த்தோம். கடைசித் துண்டை விழுங்கிக்கொண்டிருந்தபோது ரூபிணி என்ற புதிய தாதி பக்கத்தில் வந்து நின்றாள். ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனை புதிய பட்டதாரித் தாதியருக்கு நடத்தும் ஓராண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, எங்களிடம் வந்து சேர்ந்தவள். அவளுடன் வந்த மற்ற இருவருக்கும் அதே கதைதான்.

"அங்கிள், நீங்களும் ரிஜெக்ட் ஆனவருன்னு சொன்னாங்க. அப்ப எப்படி சமாளிச்சீங்க?"

"சமாளிக்கலை" என்றேன்.

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாய் நிறையக் கேக் இருந்ததால் எனக்கும் மேலே சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன். இதில் ஊக்கமூட்டும் வாசகம் எதுவும் இல்லை. அது வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் பூ படத்தோடு வருகிறது.

என் பெயர் தனபாலன். மாசாயில் குடியிருப்பவன். முப்பத்து மூன்று வயது வரை பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சலவை இயந்திரத்துக்கு மூடி மாட்டிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூடி மாட்டியவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. என் மனைவி வள்ளி சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தாள். "மூணு வருஷம் நான் பாத்துக்கறேன். ஏதாவது உருப்படியா படிங்க" என்றாள். அப்போது தாதிமைக் கல்லூரியில் ஆண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். சேர்ந்தேன். வகுப்பில் நாற்பது பேர், ஆண்கள் மூவர், தொப்பை உள்ளவன் நான் மட்டும். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வருடம் கட்டில் விரிப்பை மூலை மடித்தேன், தேர்வு எழுதினேன், தேறினேன்.

படித்து முடித்தவர்களில் பதினொரு பேர் அந்தப் பெரிய மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். ஒரு வருடம் நான்கு வார்டுகளில் மாறி மாறி வேலை, ஒவ்வொரு வார்டிலும் கற்றுக்கொடுக்க ஒரு மூத்த தாதி, முடிந்ததும் நிரந்தரப் பணி. புதிதாக வெளியே வரும் தாதிக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதனால்தான் அது கிடைக்காதபோது வலிக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேர்முகத் தேர்வில் மூன்று பெண்மணிகள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "பெண்கள் வார்டில் உங்களை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?"

"வேலை வாங்குங்க மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இடது பக்கம் இருந்தவர், இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "நாப்பத்திரண்டு வயசுல பாக்கறேன் மேடம்" என்றேன். அவரும் சிரிக்கவில்லை. வலது பக்கம் இருந்தவர் எதையோ எழுதிக்கொண்டார். வெளியே வந்து வள்ளிக்குப் போன் செய்து, நல்லபடியாகப் போயிற்று என்றேன். நான் உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பத்துப் பேருக்கு வேறு மாதிரிக் கடிதம், எனக்கு மட்டும் இந்த மாதிரிக் கடிதம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் பெயரைக் கவனித்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே எங்கள் அடையாள அட்டையில் ஆணின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்று இருக்கும். இன்னாரின் மகன் என்று பொருள். பெண்ணாக இருந்தால் ஏ/பி, இன்னாரின் மகள். கடிதத்தில் 'தனபாலன் ஏ/பி முனியாண்டி' என்று இருந்தது.

ஒரு மனிதன் நொந்துபோயிருக்கும்போது அவனுடைய அறிவு எப்படி வேலை செய்யும் என்பதற்கு நானே சாட்சி. 'முனியாண்டியின் மகள் தனபாலன் என்ற ஒருத்தியைத்தான் இவர்கள் நிராகரித்திருக்கிறார்கள். முனியாண்டியின் மகனைப் பற்றி இன்னும் முடிவே எடுக்கவில்லை' என்று தோன்றியது. எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு மகள் கிடையாது. மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனேன்.

ஆள்சேர்ப்புப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண்மணி இருந்தார். நல்லவர். கடிதத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அலமாக்" என்று தலையில் கை வைத்தார். மன்னிப்புக் கேட்டார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் நான் நான்கு வார்டிலும் வேலை செய்துவிட்டேன். அறுவைச் சிகிச்சை வார்டில் எனக்கு நல்ல பெயர் கூட வந்துவிட்டது.

அவர் புதிய கடிதத்தோடு வந்தார். சூடாக, அச்சு இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்தது. 'தனபாலன் ஏ/எல் முனியாண்டி' என்று சரியாக இருந்தது. மற்றபடி தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

"ஜாங்ஙான் அம்பில் ஹாத்தி, என்சிக்" என்றார். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பொருள். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வள்ளியிடம் சொல்லவில்லை. மூன்று வருடம் எனக்காகச் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வேலைக்குப் போய் வந்தவளிடம், பதினொரு பேரில் நான் பதினோராவது ஆள் என்று எந்த வாயால் சொல்வது? "வேலை கிடைச்சிருச்சு, திங்கட்கிழமை சேரணும்" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் அவள் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாசாய் பாசாரில் சிறிது நேரம் நின்றேன். பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் இருந்தேன். வெயில் ஏறியது. சட்டை கசங்கினால் மாட்டிக்கொள்வேன். ஜொகூரில் நாள் முழுக்கக் காசில்லாமல் குளிராக உட்கார எனக்குத் தெரிந்த ஒரே இடம் என்னை வேண்டாம் என்று சொன்ன மருத்துவமனையின் முன்கூடம்தான். அங்கே போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் சும்மா இருந்தேன். இரண்டாவது நாள் ஒரு பாட்டி எக்ஸ்ரே எங்கே என்று கேட்டார். வெள்ளைச் சட்டை செய்த வேலை. கூட்டிக்கொண்டு போய் விட்டேன். மூன்றாவது நாள் சக்கர நாற்காலி தள்ளினேன். நான்காவது நாள் வாசலில் நின்ற நேப்பாளக் காவலர் எனக்கு சலாம் வைத்தார். ஐந்தாவது நாள், என் கூடப் படித்துப் பயிற்சிக்குத் தேர்வான ஒரு பெண்ணே அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, "அண்ணே, ரெக்கார்ட் ரூம் எந்த மாடி?" என்று கேட்டாள். "ரெண்டாவது மாடி, லிஃப்டுக்கு வலது பக்கம்" என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நானும் தேர்வாகிவிட்டதாக அவள் நினைத்திருக்க வேண்டும். இப்படிப் பதினொரு நாள்.

பதினோராவது நாள் காலையில் வாசலில் ஒரு சீனப் பெரியவர் வேனிலிருந்து இறங்கினார். இடது கையில் சுற்றியிருந்த துணியை வலது கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். கூட வந்த வயதான தாதி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "டோன்ட் லெட் கோ" என்று சொல்லிவிட்டுப் பதிவு முகப்புக்குப் போனார். பெரியவர் அடையாள அட்டையைத் தேடப் பிடியை விட்டார். அவ்வளவுதான். பளிங்குத் தரையில் ரத்தம் பீய்ச்சியது.

டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் ரத்தக் குழாய்கள் இரண்டை ஒன்றாக இணைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். வாரத்துக்கு மூன்று முறை அதில்தான் ஊசி ஏற்ற வேண்டும், அதுதான் அவர்களுக்கு உயிர். அது ஒழுகினால் உள்ளங்கையால் அழுத்தக் கூடாது. ரத்தம் நிற்கும், ஃபிஸ்டுலாவும் சேர்ந்து நின்றுபோகும். ஊசி போட்ட துளையின் மேல் இரண்டு விரல். கசியாத அளவுக்கு அழுத்த வேண்டும், கீழே ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்கவே கூடாது. கல்லூரியில் ஒரே ஒரு நாள் சொல்லிக் கொடுத்தார்கள். ஓடிப்போய்ப் பெரியவரின் கையை உயர்த்தி, இரண்டு விரலை வைத்தேன். மடியில் கிடக்கும் பூனை உறுமுவது மாதிரி கீழே விர்ரென்று இருந்தது.

அந்த வயதான தாதி திரும்பி வந்தார். மார்பில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். இருபது நிமிடம் என் எதிரே நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் விரலை நகர்த்தச் சொல்லி, குனிந்து காதை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டு, நிமிர்ந்தார்.

"நீர் இங்கத்தை ஆளோ?"

"இல்ல சிஸ்டர். இவங்க என்னை வேணாம்னுட்டாங்க."

"பின்னை இங்க என்ன செய்யிறீர்?"

"வீட்ல இன்னும் சொல்லலை. இங்க ஏர்கோன் நல்லா இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குக் காலமை ஆறரைக்கு மாசாயில என்ர சென்டருக்கு வாரும். ஏர்கோன் அவ்வளவு சரியில்லை."

சிஸ்டர் செல்லத்துரை அவர். இலங்கைத் தமிழ்க் குடும்பம், அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றுவிட்டு, மாசாயில் ஒரு கடைவீட்டில் தர்ம டயாலிசிஸ் மையத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வள்ளியிடம் உண்மையைச் சொல்ல உட்கார்ந்தேன். "வள்ளி, ஒரு விஷயம்" என்று தொடங்கினேன்.

"அந்த லெட்டரா?" என்றாள்.

பையிலிருந்த கடிதத்தை முதல் வாரமே சட்டையோடு சேர்த்துத் துவைக்கப் போட்டிருக்கிறேன். நனைந்த கடிதத்தைப் பிரித்துக் காயவைத்து, படித்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் தினமும் சட்டை தேச்சுக் குடுத்த?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். பதினோரு நாளு! எங்கதான் போறாருன்னு ஒரு நாள் லீவு போட்டுட்டுப் பின்னால வரலாம்னு கூட இருந்தேன். எங்க போனீங்க?"

சொன்னேன். அவள் முதலில் கோபப்பட்டாள். பிறகு சக்கர நாற்காலி தள்ளியதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே போனவள் அழுதாளா சிரித்தாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

மாசாய் மையம் மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு இயந்திரங்கள். முதல் நாள் நான் ஊசியைப் பற்றிக் கேட்டேன். சிஸ்டர் என்னை ஒரு நாற்காலியில் சாயச் சொன்னார். இடது கையை ஒட்டுப்பட்டையால் கைப்பிடியில் ஒட்டினார். "நாலு மணித்தியாலம். எழும்பக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, தண்ணி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் மணி நேரம் சுகமாக இருந்தது. இரண்டாவதில் மூக்கு அரித்தது. மூன்றாவதில் சிறுநீர் முட்டியது. சிஸ்டரைக் கூப்பிட்டேன். "இவையள் வாரத்துக்கு மூண்டு நாள் இப்பிடி இருக்கினம். நீர் ஒரு நாள் இரும்" என்றார். பக்கத்து நாற்காலிகளில் இருந்த நோயாளிகள் என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டு ரொம்ப சந்தோஷமாக இருந்தார்கள். நான்கு மணி நேரம் முடிந்து நான் கழிப்பறைக்கு ஓடியபோது கைதட்டினார்கள்.

அதன் பிறகும் மூன்று மாதம் ஊசியைத் தொடவிடவில்லை. எடை பார், இயந்திரத்தைக் கழுவு, குழாயில் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று தட்டிப் பார். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, "இண்டைக்கு நீர் குத்தும்" என்றார். அவர் முறை இது. நோயாளியின் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முதலில் கண்ணால் பார், பிறகு விரலால் தொட்டுப் பார், பிறகு காதால் கேள். முந்தின முறை குத்திய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இடம் தேர்ந்தெடு. நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடை. சாய்த்துக் குத்து. குழாயில் ரத்தம் தெரிந்ததும் ஊசியைப் படுக்கவைத்து உள்ளே தள்ளு. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: "வலிக்காது எண்டு மட்டும் சொல்லாதையும். பொய் சொல்லுறவன்ர கையில ஒருத்தரும் கையைக் குடுக்க மாட்டினம்."

அன்று எனக்குக் கையைக் கொடுத்தவர் ஜெயமணி டீச்சர். மாசாய்ப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. நாற்பது வயது, திருமணம் ஆகாதவர், தனியாக இருந்தார். ரத்தம் வெளியே வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று என்று நான் இரண்டு ஊசியையும் ஏற்றி முடித்ததும் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நூத்துக்கு முப்பத்தஞ்சு. பெயில் இல்ல."

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் மதிப்பெண் போட்டார். ஒரு வருடத்தில் எழுபது வரை வந்தேன். நோயாளிகள் என்னை 'மிஸ்ஸி' என்றே கூப்பிட்டார்கள். இந்த ஊரில் தாதி என்றால் மிஸ்ஸிதான், மீசை இருந்தாலும் மிஸ்ஸிதான். முதலில் முறைத்தேன், பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இடையில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெரிய மருத்துவமனை மறுபடியும் ஆள் எடுத்தது. வீம்புக்கு விண்ணப்பித்தேன். மறுபடியும் நிராகரித்தார்கள். இந்த முறை ஏ/எல் முதலிலேயே சரியாக இருந்தது. அவர்களும் முன்னேறியிருந்தார்கள்.

ஜெயமணி டீச்சருக்கு சிகாமட்டில் ஒரு தம்பி, சேகர். மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். அவர் தன் சிறுநீரகம் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. டீச்சர் எங்களிடம் விடைபெற்றபோது, "இனிமே உங்க மூஞ்சியெல்லாம் பாக்க வேணாம்" என்று எல்லோருக்கும் டாட்டா காட்டிவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். தம்பியின் சிறுநீரகத்தை அவர் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. மருந்து மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. பழைய ஃபிஸ்டுலா நல்ல வேளையாக அப்படியே இருந்தது. நான் ஊசி போட்டேன். டீச்சர் கையைப் பார்க்கவும் இல்லை, மதிப்பெண் போடவும் இல்லை.

இரண்டு வாரம் வந்தார். அடுத்த திங்கட்கிழமை வரவில்லை. கேட்டதற்குப் பள்ளியில் பரீட்சை என்றார். புதன்கிழமை காய்ச்சல் என்றார். சிஸ்டர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு நாளாச்சு. காய்ச்சல் இல்லை, கள்ளம். நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாரும்."

டீச்சர் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. கேட் உள்ளே பூட்டியிருந்தது. டீச்சர் முன்புறத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

"சிஸ்டர் அனுப்பினாங்களா?"

"ஆமா டீச்சர். உங்களைக் கூட்டிட்டு வரலைன்னா என்னையும் உள்ள விடமாட்டாங்க."

"அப்ப நீயும் வெளியவே இரு."

நான் படித்த பாடத்தையெல்லாம் கேட் வழியாகச் சொன்னேன். தண்ணீர் நுரையீரலில் ஏறும், இதயம் தாங்காது. அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பிறகு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அவன் வயித்தக் கிழிச்சுக் குடுத்தான். எட்டே மாசத்துல கெடுத்துட்டேன். அவன் மொகத்துல எப்படி முழிப்பேன், தனா?"

"நீங்க கெடுக்கல டீச்சர். உடம்புதான்..."

"உடம்பு யாருது? உன்னுதா?"

அந்த நேரத்தில் ஏன் அந்தக் கதையை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. முனியாண்டியின் மகள் தனபாலனுக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் போய் நியாயம் கேட்டதைச் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய்ச் சூடாகப் புதுக் கடிதம் கொண்டுவந்ததைச் சொன்னேன்.

டீச்சர் நிமிர்ந்தார். "திருத்தின லெட்டர்ல... வேற எதுவும் மாத்தலையா?"

"ஒரே ஒரு எழுத்து டீச்சர்."

"எழுத்துப் பிழைய மட்டும்... திருத்திக் குடுத்தாங்களா?"

"ஆமா."

சிரித்தார். ஆசிரியைக்குத்தான் அந்தக் கடிதத்தின் முழுச் சுவையும் தெரிந்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. நெஞ்சுக்குள் கொதிக்கும் தண்ணீர் மாதிரி களகளவென்ற சத்தம் கேட் வரை கேட்டது. சாவி எங்கே என்றேன். உள்ளே என்று கையைக் காட்டினார், எழுந்திருக்க முடியவில்லை.

நாற்பது வயதுக்காரன், தொப்பைக்காரன், கேட்டில் ஏறினேன். மேல் கம்பியில் கால் போட்டபோது வெள்ளைக் காற்சட்டை பின்னால் முழு நீளத்துக்குக் கிழிந்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. உள்ளே குதித்து, டீச்சரை நேராக உட்காரவைத்து, காலைக் கீழே தொங்கவிட்டேன். அப்படிப்பட்டவரைப் படுக்க வைத்தால் மூழ்கிப்போவார். சாவியைத் தேடி எடுத்துக் கேட்டைத் திறந்து சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியம்மா, நாங்கள் மக்சிக் என்போம், காய்கறி விற்கும் வேனோடு வந்தார். என் பின்பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, பூப்போட்ட துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

கங்கோங் கீரைக் கட்டுகளுக்கு நடுவில் நான் டீச்சரைப் பின்னாலிருந்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, மக்சிக் அரசாங்க மருத்துவமனைக்கு ஓட்டினார். வழியில் சிஸ்டருக்குப் போன் செய்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவு வாசலில் படுக்கையும் ஆக்சிஜனும் தயாராக நின்றன. அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் சிஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். உடனே டயாலிசிஸ் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் மூச்சு சீரானது.

சிஸ்டர் வந்தார். டீச்சரைப் பார்த்தார், குறிப்பேட்டைப் பார்த்தார், கடைசியாக என் துண்டைப் பார்த்தார்.

"இது என்ன கோலம்?"

"கேட் ஏறினேன் சிஸ்டர்."

"காற்சட்டையை மாத்திக்கொண்டு ரெண்டாம் ஷிஃப்டுக்கு வாரும். ஆள் குறைவு."

அத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தவரை, அவர் வாயால் கிடைக்கக்கூடிய உச்சகட்டப் பாராட்டு அதுதான்.

டீச்சர் மறுபடியும் மையத்துக்கு வர ஆரம்பித்தார். ஆனால் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேகரும் இரண்டு மாதமாகக் கூப்பிடவில்லை. நான் கோப்பிலிருந்து எண்ணை எடுத்து, யாரிடமும் கேட்காமல் சிகாமட்டுக்குப் போன் செய்தேன். இது தப்பு. ரூபிணி, நீ இதைச் செய்யாதே, வேலை போய்விடும். அன்றைக்கே சிஸ்டர் என்னைக் கிழித்தார்.

பட்டறையில் காற்று இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே சேகர் பேசினார்.

"அக்கா எப்படிண்ணே இருக்கு?"

"உயிரோட இருக்காங்க. நீங்க ஏன் வரல?"

இயந்திரத்தை நிறுத்தினார். "நான் குடுத்தது மட்டமான சாமான் லா. வேலை செய்யலை. அக்கா மொகத்துல நான் எப்படிண்ணே முழிக்கறது?"

"இதே டயலாக்கத்தான் அவங்களும் சொன்னாங்க" என்றேன். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மையத்தின் வாசலில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. சேகர் இறங்கினார். நல்ல உயரம், கை முழுக்கக் கிரீஸ் கறை. தோளில் ஒரு சாக்கு. சிகாமட்டிலிருந்து டுரியான் கொண்டுவந்திருந்தார். சிறுநீரக நோயாளி தொடவே கூடாத பழங்களில் முதலிடம் டுரியானுக்கு. அதில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். ஒரு சாக்கு டுரியானை டயாலிசிஸ் மையத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்தவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாசனை உள்ளே வந்ததும் பன்னிரண்டு நாற்காலிகளிலும் தலைகள் நிமிர்ந்தன.

டீச்சருக்கு அப்போதுதான் ஊசி ஏற்றியிருந்தேன். தம்பியைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"என்னைக் கொல்லவாடா வந்திருக்க?"

சேகருக்குக் கண் கலங்கிவிட்டது. "மறந்துட்டேன்கா. உனக்குப் பிடிக்குமேன்னு..." சாக்கை இறக்கவும் தெரியாமல் திரும்பிப் போகவும் தெரியாமல் நடுவில் நின்றார்.

சிஸ்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் டீச்சரின் இயந்திரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார், அன்று காலையில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

"இயந்திரம் இப்பதான் ஓடத் தொடங்கினது, பொட்டாசியத்தை அது எடுக்கும். ஒரு பழத்தை வெளியில கொண்டுபோய் உடைச்சு, அரைச் சுளை கொண்டு வாரும். அரை. முழுசு கொண்டுவந்தால் உம்மையும் சேர்த்து வெளியில போடுவன்."

சேகர் பின்வாசலில் உட்கார்ந்து உடைத்தார். நான் கத்தியால் சுளையைப் பாதியாக வெட்டித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். டீச்சருக்கு ஒரு கைதான் காலி. சேகர் அதை வாங்கி அக்காவுக்கு ஊட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். பதினோரு நோயாளிகள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றார் சேகர்.

டீச்சர் விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"நல்லாக் கசக்குதுடா" என்றார்.

ஜொகூரில் டுரியானுக்கு அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. சேகர் முக்காலியை இழுத்து அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கிரீஸ் கையைத் துடைக்க எதையோ தேடி, கடைசியில் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். மீதிச் சாக்கை நானும் சிஸ்டரும் பின்வாசலில் உட்கார்ந்து தின்றோம்.